அறுபத்தேழுல மூணு

அசையாதீங்க தம்பி. நெத்தியில தையல் போடறப்பப் புருவத்தைத் தூக்கினீங்கன்னா அப்புறம் ஆயுசுக்கும் ஒரு பக்கம் ஆச்சரியமாவே பார்த்துக்கிட்டிருக்கணும். மரத்துப் போற ஊசி போட்டாச்சு, வலிக்காது. ஏழு தையல் வரும். மான்தானுங்களே? நவம்பர்னா இப்படித்தான். இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. மானு எந்திரிச்சு ஓடிப் போயிருக்குமே? ஓடிரும். அடிபடறதெல்லாம் வண்டியும் வண்டிக்குள்ள இருக்கறவங்களும்தான்.

வண்டியைப் பத்தி வெசனப்படாதீங்க, போன் பண்ணியாச்சு. ராய் கிம்பல்னு ஒருத்தன், இழுவை லாரி வெச்சிருக்கான். வந்து இழுத்துட்டுப் போய் அவன் பட்டறையிலயே சரி பண்ணிக் கொடுத்துருவான். இந்த ஊர்ல எல்லாத்துக்கும் அவன்தான். வண்டி செத்தாலும் அவன்தான் வருவான், ஆளு செத்தாலும் அவன்தான் வருவான். சிரிக்காதீங்க, தையல் கோணிக்கும். நெசமாத்தான் சொல்றேன். இந்தக் கவுண்டிக்கு அவன்தான் கரோனர்.

கவுண்டிங்கறது இந்த அமெரிக்காவுல நம்மூர் தாலுக்கா மாதிரி. கரோனர்ங்கறவன், வீட்டுலயோ ரோட்டுலயோ முதியோர் இல்லத்துலயோ யாராவது செத்தாப் போய்ப் பார்த்து, இன்ன காரணத்துல செத்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடறவன். அதுக்கு இங்க தேர்தல் வெச்சு ஆளைப் போடறாங்க. ஆமாங்க, ஓட்டுப் போட்டு. படிப்பு வேண்டியதில்ல, கவுண்டிக்குள்ள குடியிருந்தாப் போதும். ராய் பன்னெண்டாவது முடிச்சவன். அவனை எதிர்த்து நின்னது யாருன்னு நெனைக்கறீங்க? நான்தான். இருபத்தி மூணு வருஷமா இந்த ஊருக்கு ஒரே டாக்டர். எம்.டி. படிச்சவன். சாவுக்குக் காரணம் எழுதறதுக்கு, டாக்டரை விட்டுட்டு லாரிக்காரனுக்குப் போட்டாங்க.

உங்களுக்கு எந்த ஊருங்க தம்பி? பெருந்துறையா? அட, நம்ம பக்கம். நான் காங்கயத்துக்குக் கெழக்க. பெருந்துறையில எங்க? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலயா? அங்க நம்ம ஆளுங்க யாரும் அவ்வளவா இல்லையே. அப்பா என்ன பண்றாரு? வாத்தியாரா, சரி. அவரு பேரு என்னங்க? ஓ. சரி சரி. எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இங்க வந்ததுக்கப்புறம் நாமெல்லாம் தமிழாளுங்கதான்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? தேர்தல். போன வருஷம் மே மாசம். நவம்பர் தேர்தல் இங்க சும்மா கண்துடைப்பு. நூத்துக்கு எம்பது பேரு ரிபப்ளிகன் கட்சி. இன்னொரு கட்சியில ஆளே நிறுத்த மாட்டாங்க, நிறுத்தினாலும் அது வேண்டுதலுக்கு நிக்கற மாதிரி. அதனால கட்சிக்குள்ள யாருன்னு மே மாசம் ஒரு ஓட்டு வெப்பாங்க பாருங்க, அதுதான் தேர்தல். அதுல ஜெயிச்சாக் கதை முடிஞ்சது. நான் எந்தக் கட்சின்னு கேக்கறீங்களா? நான் ஜெயிக்கற கட்சி. எங்கய்யன் அப்படித்தான். ஊர்ல எந்தக் கட்சி ஆண்டாலும் எங்க வீட்டு வாசல்ல அந்தக் கட்சிக்காரன் வண்டிதான் நிக்கும்.

சம்பளத்துக்கு நிக்கலைங்க. அதுல ஒண்ணுமே கெடையாது. மரியாதை தம்பி. எங்கய்யன் இருபது வருஷம் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு. வீட்டு முன்னால நீலக் கலருல போர்டு, வெள்ளை எழுத்துல பேரு. நான் பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப அந்தப் போர்டைப் பார்த்துக்கிட்டேதான் உள்ள போவேன். எனக்கு அறுபத்தி ரெண்டு ஆகுது. எனக்கும் ஒரு போர்டு வேணும்னு ஆசைப்பட்டது தப்புங்களா?

நானும் எறங்கி வேலை செஞ்சேன். எரநூறு அட்டை அடிச்சேன். இங்க தேர்தல்னா வீட்டு முன்னால புல்லுல வேட்பாளர் பேரு போட்ட அட்டையை நட்டு வெப்பாங்க. வர்ற பேஷண்ட்டுக்கிட்டயெல்லாம், நாடி பார்த்துக்கிட்டே, "உங்க வாசல்ல ஒண்ணு நட்டுக்கலாமா?"ன்னு கேட்டேன். ஒருத்தர் மாட்டேன்னு சொல்லலைங்க. "அதுக்கென்ன டாக்டர், தாராளமா"ன்னாங்க. தீயணைப்பு நிலையத்துல சனிக்கிழமை பன்னிக்கறி விருந்து போடுவாங்க. நான் சைவம். அங்கயும் போய் ஒரு தட்டுல உருளைக்கிழங்கை வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன். எல்லாரும் வந்து கை கொடுத்தாங்க. முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டாங்க.

ராய் ஒரு அட்டை நடலை. லாரிக் கதவுல ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

ரிசல்ட்டு வந்துச்சு. கவுண்டி மொத்தத்துல ஏதோ நூத்துக்கு இருபது விழுந்திருந்துச்சு, போகட்டும். இங்க வாரப் பத்திரிகையில பூத்து வாரியாப் போடுவாங்க. நான் குடியிருக்கற பக்கம் சின்னப் பூத்து. அன்னைக்கு அந்தக் கட்சியோட ஓட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கினவங்க அறுபத்தேழு பேரு. ராய்க்கு அறுபத்தி நாலு. எனக்கு மூணு.

மூணு தம்பி. எங்க வீட்டுலயே மூணு ஓட்டு இருக்கு. நான், என் சம்சாரம் பூங்கோதை, எங்க பொண்ணு யாழினி. அப்ப அவ படிப்பை முடிச்சிட்டு வீட்டுலதான் இருந்தா. அந்தப் பூத்துல என் வீட்டைத் தவிர்த்துப் பதினோரு வாசல்ல என் அட்டை நின்னுச்சு. பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு அந்தப் பதினோரு வீட்டையும் பார்த்துட்டு வந்தேன். என் பேரைப் புல்லுல நட்டு வெச்சுட்டு அவனுக்குக் குத்தியிருக்காங்க. ஒருத்தன் என்னைப் பார்த்துக் கையாட்டினான், அவன் இருதயத்துல ஓடற மாத்திரை நான் எழுதினது.

இப்ப மூணாவது தையல். தலையை இந்தப் பக்கம் திருப்புங்க.

எங்கய்யனா இருந்தா வேற மாதிரி நடந்திருக்கும். ஒரு தடவை என்னாச்சு தெரியுமா? எங்கூருக் காலனிக்குன்னு தனிப் பூத்து. எரநூத்திச் சொச்சம் ஓட்டு, எப்பவும் மொத்தமா எங்கய்யனுக்குத்தான். அந்தத் தடவை மட்டும் ஒம்போது ஓட்டு எதிர்ல போயிருச்சு. எங்கய்யன் கோவப்படலை. பட்டியலை வெச்சுக்கிட்டுச் சாஞ்சு உக்காந்தாரு, யாரு யாரோட பேசறாங்க, யாரு எந்தக் கூட்டத்துக்குப் போனாங்க, எல்லாம் வெசாரிச்சாரு. மூணே நாளு. எட்டுப் பேரைக் கண்டுபிடிச்சிட்டாரு. ஒம்போதாவது ஆளு மட்டும் அகப்படலை. சந்தேகத்துக்கு நாலு பேரைச் சேர்த்துப் பன்னெண்டாக்கிட்டாரு. அடிக்கலைங்க, திட்டலை. அடுத்த வாரத்துல இருந்து அந்தப் பன்னெண்டு பேருக்கும் தோட்டத்துல வேலை இல்ல, கெணத்துல தண்ணி இல்ல. அடுத்த தேர்தல்ல அந்தப் பூத்துல எதிராளிக்குச் சுழி. அதுதாங்க நிர்வாகம்.

என்னங்க தம்பி, சிரிக்கவே மாட்டேங்கறீங்க? வலிக்குதா? இன்னொரு ஊசி போடட்டுமா? வேண்டாமா, சரி.

சாகற வரைக்கும் அந்த ஒம்போதாவது ஆளு யாருன்னு எங்கய்யன் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. கட்டில்ல கெடக்கறப்பக் கூட ஒரு பேரைச் சொல்லி, "அவனா இருக்குமோ?"ன்னு என்கிட்டக் கேட்டாரு. பாவம்.

எனக்கு எங்கய்யன் புத்தி. ஓட்டுப் போட வந்தவங்க பேரையெல்லாம் இங்க கேட்டாக் கொடுப்பாங்க, எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினாங்கன்னும் இருக்கும். யாருக்குப் போட்டாங்கன்னு மட்டும் இருக்காது. கவுண்டி ஆபீசுக்குப் போய் அந்த அறுபத்தேழு பேரு பட்டியலை வாங்கிட்டு வந்தேன். காலையில காப்பி குடிக்கறப்ப ஒரு பென்சிலை வெச்சுக்கிட்டு உக்காருவேன். பூங்கோதை, "அதைத் தூக்கிப் போடுங்க"ம்பா. இட்லியை வெச்சுட்டுப் போயிருவா.

நானும் யாரையும் திட்டலை. அந்தப் பட்டியல்ல இருக்கறவங்க வந்தா, மூணு வாரம் கழிச்சுத் தேதி கொடுக்கச் சொன்னேன். வர வேண்டாம்னு சொல்லலையே. மூணு வாரம் பொறுக்கச் சொன்னேன். அதுக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா? ஏழெட்டுக் குடும்பம் நாப்பது மைல் தாண்டி வேற டாக்டர்கிட்டப் போயிட்டாங்க. இருபத்தி மூணு வருஷம் பார்த்தவனை விட்டுட்டு. நன்றி இல்லாத ஜனம்.

ஏன் அவனுக்குப் போட்டாங்கன்னு ஒரு அம்மாகிட்ட நேராவே கேட்டேன். அது வீட்டுக்காரரு மாட்டுக்கொட்டாயில விழுந்து செத்தவரு. அந்தம்மா சொல்லுது, "அவரு போன அன்னைக்கு ராய் எங்க அடுப்படியில ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தான் டாக்டர்." உக்காந்திருந்தானாம். அதுக்கு ஓட்டாம். அந்தாளுக்குப் பத்து வருஷம் சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்தது நானு. இன்னொருத்தன் சொல்றான், "நீங்க எங்க சாவு எதுக்கும் வந்ததில்லையே டாக்டர்." சாவுக்கு நான் எதுக்குங்க? உசுரு இருக்கற வரைக்கும்தான் டாக்டர். செத்தவங்ககிட்ட எனக்கு என்ன வேலை?

ஆமா, அந்த உத்தியோகமே செத்தவங்ககிட்டத்தான். அது வேற விஷயம் தம்பி. அது கையெழுத்துப் போடற வேலை.

பூங்கோதை போவா. ஒரு சாவு விட மாட்டா. வெள்ளைக்காரங்க வழக்கப்படி ஒரு பாத்திரத்துல எதையாவது வேக வெச்சு எடுத்துக்கிட்டுப் போயிருவா. அதனால ஒரு ஓட்டாவது வந்துச்சா? வரலையே.

ராய் வெவரமானவன். எட்டு வருஷத்துக்கு முன்னால எங்க மாமியார் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. ஒரு மத்தியானம் சோபாவுல உக்காந்தபடியே போயிட்டாங்க. பூங்கோதை எனக்குப் போன் பண்றா. வெளிய பதினாலு பேரு காத்துக்கிட்டிருக்காங்க. நான் என்னங்க பண்ணுவேன்? நீங்களே சொல்லுங்க. போனவங்க போயாச்சு, இருக்கறவங்களைப் பார்க்க வேண்டாமா? எல்லாரையும் பார்த்து முடிச்சிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். ராய் அப்பத் துணைக் கரோனர். வாசல்ல பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு எங்க அடுப்படியில உக்காந்திருக்கான். சாக்ஸுல பெருவிரல் தெரியுது. பூங்கோதை அவங்கம்மாவைப் பத்தி அவன்கிட்டத் தமிழ்ல சொல்லிக்கிட்டிருக்கா. அவனுக்கு ஒரு எழுத்துப் புரியாது. தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நாலு மணி நேரமாம். எட்டு வருஷம் முன்னாடியே ஓட்டுக்கு அடி போட்டிருக்கான் பாருங்க.

பனி விழுந்தா எங்க வீட்டு வழியைக் கூட விடியறதுக்குள்ள தள்ளிச் சுத்தம் பண்ணிட்டுப் போயிருவான். யாரும் கேக்கலை. ஜெயிச்சதுக்கப்புறமும் பண்றான். அது என்னைக் குத்திக்காட்டறதுக்கு.

அஞ்சாவது தையல். இப்பச் சொல்றது யாருக்கும் தெரியாதுங்க. நீங்க வழிப்போக்கரு, இன்னொரு தடவை இந்தப் பக்கம் வரப் போறதில்ல, அதனால சொல்றேன்.

அந்த மூணு ஓட்டும் எங்க வீட்டு ஓட்டுன்னுதான் நான் இருந்தேன். வெளியாளு ஒருத்தன் போடலைன்னாலும் வீடு கெட்டியா இருக்குன்னு ஒரு ஆறுதல். போன மாசம் முதியோர் இல்லத்துக்கு ரவுண்ட்ஸ் போனேன். அங்க எட்னான்னு ஒரு அம்மா, எம்பத்தெட்டு வயசு, ஈரல்ல புத்து, நாளை எண்ணிக்கிட்டுக் கெடக்குது. போன வருஷம் வரைக்கும் எங்க வீட்டுல இருந்து மூணாவது வீடு. ரெண்டாங்கிளாஸ் டீச்சரா இருந்து ரிட்டயரானது. அந்தப் பதினோரு அட்டையில ஒண்ணு அதோட வாசல்ல நின்னுச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுது, "டாக்டர், நான் உங்களுக்குத்தான் போட்டேன். ராய் என்கிட்டப் படிச்சவன். தங்கமான பையன். ஆனா அவன் கையெழுத்து எனக்குத் தெரியும், கோழி கிண்டின மாதிரி இருக்கும். அதை ஒருத்தரோட கடைசிக் காகிதத்துல போட விடக்கூடாது."

நான் சிரிச்சேன். சிரிச்சிட்டு வண்டியில வந்து உக்காந்தேன். சாவி போடறதுக்குள்ள கணக்கு ஓடிருச்சு.

எட்னா ஒண்ணு. நான் ஒண்ணு. மிச்சம் ஒண்ணுதானே இருக்கு? வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்களே.

எட்னா பொய் சொல்லுதுன்னு நெனைச்சுப் பார்த்தேன். சாகக் கெடக்கற கெழவி எதுக்குப் பொய் சொல்லப் போகுது? அது உண்மையே பேசி ஊர்ல பாதிப் பேரைப் பகைச்சுக்கிட்ட அம்மா. வெத்துச் சீட்டு ஏதாவது விழுந்திருக்குமோன்னு திரும்பக் கூட்டிப் பார்த்தேன். அறுபத்தேழு பேரு போயிருக்காங்க, அறுபத்தேழு ஓட்டும் விழுந்திருக்கு. ஒருத்தரும் வெறுசா விடலை.

யாழினிகிட்டக் கேட்டேன். அவளுக்கு இந்தக் கட்சின்னாலே ஆகாது, பேரைச் சொன்னாலே எரிஞ்சு விழுவா. "அப்பா, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை அந்தச் சீட்டை வாங்கியிருக்கேன். அதை உங்களுக்காக வாங்கிட்டு வேற ஆளுக்கா போடுவேன்?"னு கேட்டா. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. அவதான் போட்டிருக்கா.

அப்ப மிச்சம் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லையே. பட்டியல்ல பேரு இருக்கு. அந்தக் கட்சிச் சீட்டுத்தான் வாங்கியிருக்கா. காலையில எனக்கு முன்னாடியே போயிருக்கா.

ஒரு மாசமாச்சு. ஒரே வீடு. காலையில இட்லி வெக்கறா, மத்தியானத்துக்கு டப்பா கட்டிக் கொடுக்கறா, சாயந்தரம் பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறா. முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாளு என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் அவளைக் கேக்கலைங்க. பயந்துக்கிட்டுன்னு நெனைக்காதீங்க. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டாச் சொல்லிருவா. ஏன்னும் சேர்த்துச் சொல்லிருவா.

ஏன்னு நானும் யோசிச்சுப் பார்க்கறேன். ஒண்ணும் புடிபடலை. நான் அவளுக்கு என்ன கொறை வெச்சேன்?

ஏழாவது தையல், முடிஞ்சது. பஞ்சு வெச்சு ஒட்டிடறேன். பத்து நாள் கழிச்சு உங்க ஊர்லயே பிரிச்சுக்கலாம்.

லாரிச் சத்தம் கேக்குதுங்களா? அவன்தான். நீங்க எந்திரிக்காதீங்க, தலை சுத்தும். நான் போய்ச் சாவியைக் கொடுத்துட்டு வர்றேன்.

வந்துட்டேன் தம்பி. கேட்டுச்சுங்களா அவன் சொன்னது? கதவு தெறந்துதானே இருந்துச்சு.

எட்னா போயிருச்சாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு. அங்க இருந்துதான் வர்றான். அவனே கையெழுத்துப் போட்டிருக்கான், எந்தக் கையெழுத்து வேண்டாம்னு அது சொல்லுச்சோ அதே கையெழுத்து. பூங்கோதையும் அங்கதான் இருக்காளாம், காலையில இருந்து. எட்னா தலையை மடியில வெச்சுக்கிட்டிருந்தாளாம். எனக்குப் போன் பண்ணலை பாருங்க. பண்ணினா என்ன சொல்லுவேன்னு அவளே முடிவு பண்ணிட்டா போல. ராய்கிட்ட மட்டும், "டாக்டர் வர்றாரான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்கா. லாரியில எடம் இருக்காம், கூட்டிக்கிட்டுப் போறானாம்.

நான் சொல்லிட்டேன், தையல் போட்டுக்கிட்டிருக்கேன், இன்னும் நேரமாகும்னு.

ஆமாங்க, முடிஞ்சிருச்சுதான். அது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால சித்த நேரம் உக்காருங்க தம்பி. அவசரமில்லை டாக்டர்னு சொல்லிட்டு லாரியில போய் உக்காந்திருக்கான். காத்திருக்கானாம். ஓட்டெல்லாம் வாங்கியாச்சு, இன்னும் எதுக்குக் காத்திருக்கான்னு தெரியலை.

மூணுல ஒண்ணு போச்சு. யாழினி அடுத்த மாசம் கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போறா, ஓட்டர் லிஸ்ட்டுல பேரை அங்க மாத்திருவா. அடுத்த தடவை நின்னா அந்தப் பூத்துல எனக்கு ஒரே ஒரு ஓட்டு. அது யாருதுன்னு பென்சிலை வெச்சுக்கிட்டுத் தேட வேண்டியதில்லை.